செந்தூல் பட்டறையும் அதன் வாரிசுகளும்

நூறாண்டுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பையன் லேத் எந்திரத்தில் கைவைத்துப் பழக ஆசைப்பட்டால், அவனுக்குத் திறக்கக்கூடிய பெரிய வாசல் செந்தூல் ரயில்வே பட்டறைதான். அப்பாவோ மாமாவோ அங்கே வேலையில் இருந்தால் பையனுக்கும் ஒரு வழி பிறக்கும். இல்லாவிட்டால் சைக்கிள் கடையும் கொல்லுப்பட்டறையும்தான் மிச்சம்.

இன்று அதே ஆசை வருகிறவருக்கு வழிகள் கூடியிருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்ற பெயரில் பொதுப் பட்டறைகள் முளைத்திருக்கின்றன. மரம் அறுக்கும் எந்திரம், லேசர் வெட்டு எந்திரம், முப்பரிமாண அச்சு எந்திரம், சால்டரிங் மேசை, தையல் எந்திரம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும். சந்தா கட்டியோ வகுப்புக்குப் பணம் கொடுத்தோ உள்ளே போகிறவர் தாம் நினைத்ததைத் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் எந்தப் பட்டறையைத் தேர்ந்தெடுப்பது? எந்திரங்களின் பட்டியல் இதற்குப் பாதி விடைதான் தரும். இந்தப் பள்ளத்தாக்கில் கருவிகள் இதற்குமுன் எங்கே இருந்தன, யார் கைக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் மீதிப் பாதியும் கிடைக்கும்.

கதை செங்கல்லில் தொடங்குகிறது. 1881 ஜனவரியில் பெருந்தீயும், அதே ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளமும் கோலாலம்பூரை நாசமாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் ஒன்றுக்கொன்று ஒட்டி நின்ற ஊர் அது. மறுஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாகப் பதவியேற்ற ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிக் கட்டுவதெல்லாம் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்றார். சீனர்களின் தலைவரான கப்பிதான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே, களிமண் கிடைத்த நிலத்தில் சூளைகளைப் போட வைத்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் அப்படிப் பிறந்த இடம். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு மட்டும் 40 இலட்சம் செங்கற்கள் போயின என்பார்கள். ஓர் ஊர் தன்னை எழுப்பிக்கொள்ளத் தேவையான பொருளைத் தன் ஓரத்திலேயே செய்துகொண்டது. மாலை கட்டும் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் பிரிக்ஃபீல்ட்ஸின் அடையாளமாவதற்கு வெகுகாலம் முன்பே அது ஒரு செய்முறைப் பேட்டை.

சூளைக்குப் பின்னால் ரயில் வந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை 1886 செப்டம்பரில் முதல் தண்டவாளம் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் போட்டு ரயிலைக் கிள்ளான் நகருக்குள் கொண்டுபோனார்கள். 1901இல் துறைமுகம் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய கோலக் கிள்ளானுக்கு மாறியது. அதே ஆண்டு கூட்டமைப்பு மலாய் மாநிலங்களின் ரயில் பாதைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்காரர்களின் குடியிருப்பானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தண்டவாளத்திலும் பணிமனையிலும் உடலுழைப்புக்கு நின்றார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் நல்லூரை நினைத்துக் கந்தசாமி கோயிலைக் கட்டினார்கள்.

அந்த ரயிலுக்கு ஒரு பெரும்பட்டறை தேவைப்பட்டது. எஞ்சின்கள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. ஓர் அச்சோ ஒரு வால்வோ உடைந்தால் அடுத்த கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. உடைந்ததை வார்த்து, கடைந்து, பொருத்தித் தரும் வசதி ஊரிலேயே இருந்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், நகருக்கு வடக்கே செந்தூலில், அதற்கான மத்தியப் பட்டறை எழுந்தது. வார்ப்படச் சாலை, கொல்லுலை, கொதிகலன் கூடம், கடைசல் கூடம், தச்சுக்கூடம், வண்ணம் பூசும் கொட்டகை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டடம். பழுதுபார்ப்பதோடு நில்லாமல் பயணிப் பெட்டிகளையும் சரக்கு வண்டிகளையும் அங்கேயே கட்டினார்கள். சென்னைக்குப் பெரம்பூரும் திருச்சிக்குப் பொன்மலையும் எப்படியோ, கோலாலம்பூருக்குச் செந்தூல் அப்படி.

பட்டறையைச் சுற்றி ஒரு தமிழ் ஊர் உருவானது. குவார்ட்டர்ஸ் வரிசைகள், கோயில்கள், பள்ளிகள், கள்ளுக்கடை, சங்கக் கூட்டங்கள். பையன்கள் அப்பிரண்டிசாகச் சேர்ந்து, அரம் பிடித்து ஓர் இரும்புத் துண்டைச் சமமாக ராவுவதில் தொடங்கி, ஃபிட்டராக உயர்ந்தார்கள். சொல்லிக்கொடுப்பதற்கென்று தனி ஆசிரியர் கிடையாது. பக்கத்தில் நின்று வேலை செய்கிற மூத்த ஆள்தான் ஆசிரியர். அவரும் சீனராகவோ மலாய்க்காரராகவோ யூரேசியராகவோ இருக்கலாம். அளவுகோலையும் காலிப்பரையும் படிக்கப் பொதுமொழி ஒன்று போதும். அதுவே செந்தூலின் பெரிய கொடை. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்திக்கு மேல் எந்தக் கருவியும் கைக்கு எட்டாத காலத்தில், செந்தூலில் ஒரு தமிழ்த் தொழிலாளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கக் கற்றுக்கொண்டான்.

ஆனால் அங்கே கற்ற கை தனக்காக எதையும் செய்துகொள்ள முடியாது. கருவி கம்பெனியுடையது, இரும்பு கம்பெனியுடையது, நேரமும் சங்கு ஊதும் கம்பெனியுடையதே. முப்பது ஆண்டு லேத்தில் நின்றவர் ஓய்வுபெற்று வீட்டுக்கு வரும்போது கையில் திறமை இருக்கும், வீட்டில் ஒரு வைஸ்கூட இருக்காது. பொதுப் பட்டறை என்ற எண்ணத்தின் அடியில் இருக்கும் குறை இதுவே. கற்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. கற்றதைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்த இடம் இல்லை.

போர் அந்தப் பட்டறையையும் விடவில்லை. ஜப்பானியர் வசமிருந்த அதன்மீது 1945 பிப்ரவரியில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் குண்டு வீசின. மார்ச்சிலும் கோலாலம்பூர் ரயில் அமைப்புகள் தாக்கப்பட்டன. அதற்கு முன்பே மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தன. அவற்றோடு தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. போருக்குப் பின் செந்தூல் மறுபடி எழுந்தது. 1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல் எஞ்சின்கள் வந்தபோது, கொதிகலன் வேலையில் தேர்ந்தவர்கள் மின்கம்பிகளையும் டீசல் பம்புகளையும் படிக்க வேண்டியதாயிற்று. நடுவயதில் புதுத் தொழிலைக் கற்பது இன்றைய கணினித் தலைமுறைக்கு மட்டும் நேர்ந்த சோதனை அல்ல. செந்தூல்காரர்கள் அதை வேலை நேரத்திலேயே, ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்துக் கடந்தார்கள்.

அரசும் பள்ளி வழியாக ஒரு வாசலைத் திறந்தது. 1906இல் கோலாலம்பூரில் தொடங்கிய டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி, ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் தேவையான ஆட்களைப் பழக்கியது. இன்றைய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் வேரை அங்கேதான் தேடுகிறது. 1926இல் கைத்தொழில் பள்ளி ஒன்றும் வந்தது. பள்ளி வாசலுக்கு வயதும் ஆங்கிலமும் தாழ்ப்பாள்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாறு வகுப்போடு நின்ற பிள்ளைக்கு அந்த வாசல் கண்ணில் படுவதே அரிது.

பிரிக்ஃபீல்ட்ஸில் 1951இல் இன்னொரு வகைப் பட்டறை வேரூன்றியது. அன்றைய மலாயாவின் பார்வையற்றோர் சங்கம் அந்த ஆண்டு உருவாகி, அந்தப் பேட்டையையே தன் தலைமையிடமாக்கிக்கொண்டது. பிரம்பு பின்னுதல், கூடை முடைதல் போன்ற கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் தொலைபேசி இணைப்பு வேலையும் உடற்பிடிப்புத் தொழிலும் சேர்ந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் இன்றும் காலுக்குத் தட்டுப்படும் மேடுபள்ளக் கற்கள் அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

பட்டறை வரலாற்றில் இந்த இடத்தைப் பேசுகிறவர்கள் குறைவு. பேச வேண்டிய இடம் அது. கண் தெரியாதவர் கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தாக வேண்டும், அடுத்தவரும் அப்படியே. ஒரு கருவி ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டால் வேலை நிற்கும், கை வெட்டுப்படும். இன்றைய பொதுப் பட்டறைகளில் சுவரில் ஒவ்வொரு சுத்தியலுக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பதும் இதே ஒழுங்குக்காக. புதிதாக ஒரு பட்டறையைப் பார்க்கப் போகிறவர் முதலில் அந்தச் சுவரைப் பார்க்கலாம். உருவங்கள் இருந்து கருவிகள் இல்லையென்றால், அந்த இடத்தை யாரும் தங்களுடையதாக நினைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கம்பெனியும் பள்ளியும் சங்கமும் இல்லாமல், தமிழர்கள் தாங்களே நடத்திக்கொண்ட ஒரு பொதுப் பட்டறையும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு, செந்தூலிலோ கிள்ளானிலோ ஒரு தாமான் வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் விளக்கு போட்டுக்கொண்டு இளைஞர்கள் காவடி கட்டுவார்கள். தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. பால்குடமும் எளிய மரக்காவடியுமாக இருந்தது, காலப்போக்கில் ஆளுயரத்துக்கு மேலான அலங்காரக் காவடியாக வளர்ந்தது. அதைத் தோளிலும் இடுப்பிலும் தாங்கிக்கொண்டு பக்தர் 272 படி ஏற வேண்டும். எனவே சட்டம் கனமில்லாமலும் உறுதியாகவும் இருக்க வேண்டும். இரும்பை விட்டு அலுமினியத்துக்கு வந்தார்கள். பாலிஸ்டைரீன் பலகையில் மயிலும் வேலும் கோபுரமும் வரைந்து செதுக்கினார்கள். மயிற்பீலியை எந்தக் கோணத்தில் செருகினால் நடக்கும்போது விரிந்து அசையும் என்று கண்டார்கள். எடை இருபுறமும் சமமாக இறங்காவிட்டால் ஐம்பதாவது படியிலேயே உடம்பு சொல்லிவிடும்.

இது பொறியியல். ரிவெட் துப்பாக்கி ஒருவருடையது, துளைபோடும் டிரில் இன்னொருவருடையது, இடம் ஒரு மாமா வீட்டுடையது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுவார். ஓரிரு ஆண்டில் பார்த்துக்கொண்டிருந்தவன் கட்டத் தொடங்குவான். அண்ணன்மார் திட்டும் திட்டும் பாடத்தின் பகுதி. செந்தூல் பட்டறையில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: செய்கிறவர் தாம் நினைத்ததைச் செய்தார். செந்தூலில் இருந்த ஒன்று இங்கே இல்லை: நல்ல எந்திரம். தைப்பூசம் முடிந்ததும் கருவிகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். பட்டறையும் அடுத்த ஆண்டுவரை இல்லாமல் போகும்.

அந்தக் கார் நிறுத்தும் இடமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் புதுநகரங்கள் தோட்டங்களின்மேல் கட்டப்பட்டவை. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் தொடங்கியது. சுபாங் ஜெயா 1970களில் சீஃபீல்டு தோட்டத்தில் எழுந்தது. தோட்டம் போனபோது லயன் வீட்டுத் தமிழர்களின் வேலை போனது, குடியிருப்பு போனது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையும் விறகு அடுக்கும் சிறு தோட்டமும் சேர்ந்தே போயின. பேசும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். லயன் வீடு வசதியான வீடு அல்ல. ஆனால் அதன் பின்புறத்தில் ஒருவர் கதவுக்குச் சட்டம் அடிக்கலாம், சைக்கிளைக் கழற்றிப் போடலாம், சத்தம் போட்டால் யாரும் வந்து புகார் சொல்ல மாட்டார்கள். அங்கிருந்து புறம்போக்கு நிலக் குடியிருப்புகளுக்கும், பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கும் குடும்பங்கள் நகர்ந்தன. 1990களின் இறுதியில் தொடங்கிய மக்கள் வீட்டுவசதித் திட்டத்து வீடு ஏறக்குறைய 700 சதுர அடி. மூன்று படுக்கையறை, ஒரு கூடம். ஒரு பலகையை இழைக்க அங்கே எங்கே இடம்? இரவு எட்டு மணிக்கு டிரில்லைப் போட்டால் கீழ்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும்.

ஆகவே கோலாலம்பூரில் பொதுப் பட்டறை என்பது பொழுதுபோக்குக்காரர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கொல்லைப்புறம் இல்லாத நகரத்துக்கு அது கொல்லைப்புறம்.

உலகத்தில் இந்த எண்ணம் வேறு வழியில் வளர்ந்தது. பெர்லினில் 1981இல் தொடங்கிய கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பும், 1995இல் அதே நகரில் உருவான சி-பேஸும் கணினி ஆர்வலர்கள் கூடும் இடங்களாக இருந்தன. வியன்னாவின் மெட்டாலாப் 2006இல் வந்தது. அதைப் பார்த்த அமெரிக்கர்கள் அடுத்த ஆண்டே நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் தங்களுக்கான இடங்களைத் தொடங்கினார்கள். மறுபுறம் எம்ஐடியின் நீல் கெர்ஷென்ஃபெல்ட் 1998இல் ஏறத்தாழ எதையும் செய்யக் கற்றுத்தரும் ஒரு பாடத்தைத் தொடங்கி, அதிலிருந்து ‘ஃபேப் லேப்’ என்ற வடிவத்தை உருவாக்கினார்.

அந்த ஃபேப் லேப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று 2002இல் அமைந்தது மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில். டாக்டர் எஸ். எஸ். கல்பாக் 1983இல் அங்கே நிறுவிய விஞ்ஞான் ஆசிரமம், பள்ளியை விட்டுவிட்ட கிராமத்துப் பிள்ளைகளுக்கு வெல்டிங்கும் மின்வேலையும் விவசாயமும் செய்துகாட்டிக் கற்பித்துக்கொண்டிருந்தது. எம்ஐடியின் எந்திரங்கள் வந்து சேர்ந்தபோது, அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்று அங்கே யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. பழுதான பம்பும் சோதிக்க வேண்டிய பாலும் காத்திருந்தன. தேவை முதலில் இருந்தது, எந்திரம் பின்னால் வந்தது. கோலாலம்பூரின் பல முயற்சிகளில் இந்த வரிசை தலைகீழாகவே இருந்திருக்கிறது.

இங்கே 2010களின் தொடக்கத்தில் ‘ஹேக்கர்ஸ்பேஸ் கேஎல்’ வந்தது. மென்பொருள்காரர்களும் மின்னணு ஆர்வலர்களும் வாடகையைப் பகிர்ந்து நடத்திய இடம். அதே காலத்தில் வேறொரு பக்கம் ‘பிஜி-பிஜி’ என்ற சமூகத் தொழில்முனைவுக் குழு, கழித்துப்போட்ட விளம்பரத் துணிகளையும் கார் இருக்கைப் பட்டைகளையும் பைகளாக்கிப் பெயர்பெற்றது. அதன் தொடர்ச்சியாகப் பப்ளிகா வணிக வளாகத்தில் ‘மெரேக்கா’ உருவானது. மரவேலை, தையல், லேசர் வெட்டு, மின்னணு எல்லாம் அங்கே சேர்ந்தன. ‘காக்கிடிஐஒய்’ என்ற குழு பட்டறை நடத்தியதோடு ‘காக்கிரிப்பேர்’ என்று பழுதுபார்க்கும் கூடல்களையும் நடத்தியது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினா போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடலைப் போன்றது இது. கெட்டுப்போன மின்விசிறியைக் கொண்டு போனால், தன்னார்வலர் பக்கத்தில் அமர்ந்து, உரிமையாளரையே திருகு கழற்ற வைப்பார். இப்படிச் செய்யும்போது வீட்டுக்குப் போவது ஒரு விசிறி மட்டும் அல்ல, அடுத்த விசிறியைக் கழற்றும் துணிச்சலும்.

அரசாங்கமும் நுழைந்தது. 2016இல் மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகம் கல்வி அமைச்சோடு சேர்ந்து ‘மை டிஜிட்டல் மேக்கர்’ இயக்கத்தைத் தொடங்கியது; மறுஆண்டு கணினிச் சிந்தனை பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. போட்டிகளும் பரிசுகளும் பெருகின. பல தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ரோபோ போட்டிகளிலும் அறிவியல் விழாக்களிலும் கலந்துகொண்டு பரிசோடு திரும்புவதை நாளிதழ்களில் பார்க்கிறோம். மகிழ்ச்சி தரும் செய்தி. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் அந்தப் பிள்ளை எங்கே போய் அடுத்த ரோபோவைக் கட்டும் என்பதே அடுத்துக் கேட்க வேண்டியது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. மருத்துவமனைகளில் முகத்தடுப்புக் கவசங்களுக்குத் தட்டுப்பாடு. முப்பரிமாண அச்சு எந்திரம் வைத்திருந்தவர்கள் நாடு முழுக்க ஒன்றுசேர்ந்து, நெற்றிப்பட்டைகளை வீட்டிலேயே அச்சடித்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பள்ளிகளின் எந்திரங்களும் பல்கலைக்கழக எந்திரங்களும் பட்டறைகளின் எந்திரங்களும் ஓடின. அதுவரை சாவிக்கொத்துப் பொம்மை அடிக்கும் எந்திரம் என்று நினைத்தவர்களுக்கு அதன் பயன் விளங்கியது. பரவிக்கிடந்த சிறு பட்டறைகள், பெரிய தொழிற்சாலைகள் தயாராகும்வரை இடைவெளியை நிரப்பின.

அதே நோய்க்காலம் பல பட்டறைகளின் கழுத்தையும் நெரித்தது. ஆள் வராவிட்டாலும் வாடகை வரும். நோய்க்கு முன்பே இப்படி நடந்ததுண்டு: அமெரிக்காவில் 2006இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய டெக்‌ஷாப், 2017 நவம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லாக் கிளைகளையும் மூடி திவாலானது. சந்தா கட்டியவர்களின் பாதி முடிந்த வேலைகள் உள்ளேயே நின்றன. பணம் புரண்ட இடத்துக்கே அந்தக் கதி என்றால், தன்னார்வத்தில் ஓடும் இடங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பொதுப் பட்டறைகள் இடம் மாறியிருக்கின்றன, பெயர் மாறியிருக்கின்றன, சில மறைந்திருக்கின்றன. எனவே ஒன்றைத் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையைப் பற்றியது: இந்த இடம் யாருடையது, எத்தனை காலத்துக்கு? கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டுமுன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

செந்தூலின் பெரும் பட்டறை 2000களின் கடைசியில் பத்து காஜாவுக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முன்பே செந்தூலில் இருந்த பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக மறுபிறவி எடுத்தது. ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷமும் உழைத்து உருவாக்கிய அந்த அரங்கு நகரத்துக்கு நல்ல பேறு. பட்டறைக் கொட்டகைகள் சில சந்தைக்கும் விருந்துக்கும் வாடகைக்குக் கிடைத்தன. பிரிக்ஃபீல்ட்ஸின் ரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. பக்கத்துத் தெருக்கள் 2010இல் லிட்டில் இந்தியாவாகப் புதுப்பிக்கப்பட்டன. தோரண வாயில் வந்தது, நீரூற்று வந்தது. கடைகளுக்கு இடம் ஒதுக்கிய திட்டத்தில் செய்வதற்கு ஓர் அறை ஒதுக்கப்படவில்லை. செந்தூலில் ஒரு கொட்டகையையாவது ஓய்வுபெற்ற ஃபிட்டர்களின் பொறுப்பில், சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கான பட்டறையாக விட்டிருக்கலாம். இப்போதும் விடலாம். அந்தக் கைகள் எல்லாம் இன்னும் போய்விடவில்லை.

அதுவரை, இருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டும். செந்தூல் கற்றுத்தந்தது, பக்கத்தில் நிற்கும் ஆள் எந்திரத்தைவிட முக்கியம் என்பது. பட்டறையில் வேலை நேரத்தில் பொறுப்பாளர் இருக்கிறாரா, அவர் எந்திரத்தைத் தொடவிட்டுக் கற்பிக்கிறாரா அல்லது தாமே செய்து தந்து பணம் வாங்குகிறாரா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். வட்ட ரம்பத்தையோ லேசரையோ பயிற்சி இல்லாமல் கொடுக்கிற இடத்தை விட்டு விலகுவது நல்லது. கண்ணாடியும் தீயணைப்பானும் புகைபோக்கியும் எங்கே என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்ட வேண்டும். காவடிக் கொட்டகை கற்றுத்தந்தது வேறு: வருகிறவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் எட்டிப் பார்த்துப் பேசுகிறார்களா? தலைகுனிந்து தத்தம் மேசையில் அமர்ந்து போய்விடுகிற இடத்தில் எந்திரம் கிடைக்கும், தொழில் வளராது. பெண்கள் மாலையில் தனியாக வந்துபோகும் இடமா, பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்பதையும் அங்கே இருப்பவர்களைப் பார்த்தே அறியலாம்.

பிறகு போக்குவரத்து. பப்ளிகா போன்ற வளாகங்களும் பெட்டாலிங் ஜெயாவின் தொழிற்பேட்டைகளும் கார் வைத்திருப்பவர்களுக்கு எளிது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறவருக்கு, நிலையத்திலிருந்து கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் பாடு. தோளில் ஆறடிப் பலகையோடு அது இன்னும் பாடு. பொருளை அங்கேயே வைத்துவிட்டு வர அலமாரி தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பகல் வேலைக்குப் போகிறவருக்கு வாரநாளில் ஆறு மணிக்கு மூடும் பட்டறை இருந்தும் இல்லாததுதான். இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் இடம் சிறியதானாலும், பழைய எந்திரங்களோடு இருந்தாலும், கிள்ளானுக்கான கடைசி ரயிலைப் பிடிக்க நேரம் விட்டுக் கணக்குப்போட்டு அதையே தேர்ந்தெடுக்கலாம். சந்தா கட்டுமுன் ஒருநாள் கட்டணத்தில் போய், வீட்டில் உடைந்து கிடக்கும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் அங்கே சரிசெய்து பார்ப்பது நல்லது.